வியாகுலம் மகள் ஆனந்தமேரி

ஆகஸ்ட் 12, 2025

அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது வங்கியிலிருந்து போன். "மேடம், ஒரு நடை வந்துட்டுப் போங்க." வீட்டுக்கடனில் இரண்டாவது தவணைப் பணம் வந்துவிட்டது, கையெழுத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். அய்யனார் மேஸ்திரிக்குப் போன் போட்டு, தளத்துக்கு சென்ட்ரிங் தகரம் சொல்லிவையுங்கள் என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

மேலாளர் நிர்மலா மேடம் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். கிரெடிட் ரிப்போர்ட்டாம். என் பெயரில் மூன்று குழுக்கடன். மூன்றிலும் பணம் கட்டாமல் நின்றுபோய், வராக்கடன் என்று எழுதி, வசூல் ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டார்களாம். எனக்கே தெரியாமல் நான் மூன்று கடன் வாங்கி ஏமாற்றியிருக்கிறேன்.

"இது நான் இல்லைங்க மேடம்."

"பேரு ஆனந்தமேரி. அப்பா பேரு வியாகுலம். பொறந்த தேதி ஒண்ணு ஆறு. வருஷம், ஊரு, பின்கோடு எல்லாமே ஒத்துப்போகுதே. போன தடவ பாத்தப்ப இது ஏறல. இப்ப ஏறியிருக்கு. இத வெச்சிக்கினு நான் பணம் விட்டா என் வேல போயிடும்."

மனை அப்பா கொடுத்தது, என் பெயரில் இருக்கிறது. அதனால் வீட்டுக்கடனில் நானும் கையெழுத்து. பழைய வீட்டை இடித்தாயிற்று. சுவர் எழும்பி நிற்கிறது, மேலே ஒன்றுமில்லை. பக்கத்தில் தகர ஷெட் போட்டு அதில் நாங்கள் மூன்று பேர் கிடக்கிறோம். ஐப்பசிக்குள் தளம் போட்டாக வேண்டும்.

மார்ட்டின் டியூட்டி முடிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "குழுவுல எதுலயாவது கையெழுத்து போட்டியா மேரி?" என்றார். ஒரே ஒரு தரம்தான் கேட்டார். அது போதும். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் கேட்கிற கேள்வியா இது. சோற்றைப் போட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 14

தியாகதுருகத்தில் ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்து கிரெடிட் ரிப்போர்ட் கம்பெனிக்குப் புகார் போட்டோம். லிடியாதான் டைப் அடித்தாள். பிளஸ் டூ படிக்கிறவள், அவளுக்கு இதெல்லாம் விரல் நுனியில் வருகிறது. 'இந்தக் கணக்கு என்னுடையது அல்ல' என்று ஒரு கட்டம். அதில் டிக். போன் நம்பர், விலாசம் எல்லாம் கேட்டது, கொடுத்தோம். முப்பது நாளில் பதில் வருமாம்.

"அவ்ளோதாம்மா. முடிஞ்சிது" என்றாள். நம்பினேன்.

ஆகஸ்ட் 21

முடியவில்லை. ஆரம்பித்திருக்கிறது.

தெரியாத நம்பர். எடுத்ததும், "ஏம்மா, இன்னும் எத்தினி நாளு ஓடிக்கினு இருப்ப?" என்றான் ஒருவன். யாரப்பா நீ என்றேன். கலெக்‌ஷனாம். பெயர் அஜித், நைனார்பாளையமாம். இத்தனை நாள் நம்பர் இல்லாமல் தேடினார்களாம், இப்போதுதான் 'சிஸ்டத்தில்' கிடைத்ததாம்.

புகாரில் நாங்கள் கொடுத்த நம்பர் அது. நானே போய் என் நம்பரை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இந்தக் கூத்தை யாரிடம் சொல்லி அழுவது?

ஆகஸ்ட் 29

அஜித் இன்றைக்கு நேரிலேயே வந்துவிட்டான். பிள்ளைகளைக் கூப்பிட்டுப்போக அம்மாக்கள் நிற்கிற நேரம் பார்த்து பைக்கை அங்கன்வாடி வாசலில் நிறுத்தினான். இருபத்தைந்து வயசுகூட இருக்காது, மீசை இப்போதுதான் முளைக்கிறது. "கவர்மெண்ட் சம்பளம் வாங்கறீங்க, ஏழைபாழைங்க குழுவுல கடன வாங்கி ஏமாத்தறீங்களே, நல்லாயிருக்குதா?"

நான் இல்லை, நான் வாங்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எத்தனை முறை சொன்னேன் தெரியாது. சொல்லச் சொல்ல என் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது.

செவ்வந்தி தன் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "வா, டீச்சருக்கு வேலை இருக்குது" என்று போனாள். அந்தப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவள் நான்.

செப்டம்பர் 6

அய்யனார் மேஸ்திரி வந்தார். சென்ட்ரிங் தகரத்தை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டாராம். "பணம் வரட்டும் டீச்சரம்மா, அப்பறம் பாத்துக்கலாம். எனக்கும் ஆளுங்களுக்குக் கூலி குடுக்கணும்ல." அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. கோபப்பட்டேன்.

செப்டம்பர் 13

பதில் வந்துவிட்டது. 'கடன் கொடுத்த நிறுவனம் சரிபார்த்தது. விவரங்கள் சரியானவை. மாற்றம் இல்லை.'

யார் சரிபார்த்தது? யாரைக் கேட்டு? என்னைக் கேட்டார்களா? என் வீட்டுக்கு வந்தார்களா? உன் பேரு இன்னா, நீ யாரு பொண்ணுன்னு எவனாவது ஒருத்தன் கேட்டானா? தப்பு செய்தவனிடமே போய் நீ தப்பு செய்தாயா என்று கேட்டு, இல்லை என்றானாம், இவர்களும் சரி என்று எழுதிவிட்டார்களாம்.

அழுதேன். லிடியாவுக்குத் தெரியாமல் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்று அழுதேன். கூரை இல்லாத வீட்டுக்கு அந்த ஒரு உபயோகமாவது இருக்கிறது.

செப்டம்பர் 15

வியாகுல மாதா திருநாள். சப்பரம் எங்கள் தெருவில் திரும்பும்போது சாமியார் மைக்கில், "பூக்கூடை தூக்குகிற வியாகுலம் முன்னே வரவும்" என்றார். ஐந்தாறு பேர் முன்னே போனார்கள். ஜனங்கள் சிரித்தார்கள். வருஷா வருஷம் நடக்கிற சிரிப்புதான். மாதா பெயரில் கோயில் இருக்கிற ஊரில் வீட்டுக்கு ஒரு வியாகுலம்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

எங்கள் கோயில் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், பிறந்த தேதிக் காகிதம் இல்லாமல் வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார். பள்ளிக்கூடம் திறக்கிற நாள், அவருக்குச் சுலபம். என் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் ஒன்று. அந்தப் பாதிப் பேரில் வியாகுலம் மகள்கள் எத்தனை பேர்? அதிலே ஆனந்தமேரி?

என்னைத் தவிர ஒருத்திதான். நான் உயரம், பெரிய மேரி. அவள் சின்ன மேரி. கலியாணம் ஆகி நைனார்பாளையம் பக்கம் போனாள், ஆதாரில் ஊரை மாற்றியிருக்க மாட்டாள். பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

செப்டம்பர் 18

கள்ளக்குறிச்சியில் அஜித்தின் வசூல் ஆபீஸுக்குப் போனேன். ஒரு செருப்புக்கடைக்கு மேல் மாடி. குழுக்கடன் கொடுக்கும்போது பெண்களை உட்காரவைத்துப் படம் எடுப்பார்களே, அந்தப் படத்தைக் காட்டு, அதில் நான் இருந்தால் நாளைக்கே பணம் கட்டுகிறேன் என்று மேஜையைத் தட்டினேன். அஜித் முனகிக்கொண்டே தேடினான். கடைசியில் போனைத் திருப்பிக் காட்டினான்.

ஒரு வீட்டு வாசலில் ஐந்து பெண்கள். ஓரத்தில் சின்ன மேரி. அதே குட்டைக் கழுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிற பார்வை.

அவன் என்னைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது. "நெசமாவே நீங்க இல்லயா யக்கா?"

"இத்தினி நாளா இன்னா சொல்லிக்கினு இருந்தேன் நானு?"

"எனக்குப் புரியுதுக்கா. ஆனா மேல இருக்கறவங்களுக்கு ஆளு வேணும். அந்தம்மா வூட்ட பூட்டிக்கினு எங்கியோ பூட்டாங்க. அவங்க எங்க கீறாங்கன்னு சொல்லுங்க, கணக்க அவங்க பேருக்கு மாத்தி ஒங்களத எடுத்துருவாங்க. ஆளக் காட்டற வரைக்கும் சிஸ்டத்துல நீங்கதான்."

செப்டம்பர் 20

மார்ட்டினிடம் சொன்னேன். "சின்ன மேரிய நான் பாத்துக்கினுதான் இருக்கேன்" என்றார்.

அவர் வெள்ளிமலை பஸ் ஓட்டுகிறார். மாதம் ஒரு தடவை கச்சிராயபாளையத்தில் அரிசி மூட்டையோடு ஏறுகிறாளாம். மலை ஏறி, ஒரு சிஸ்டர்கள் ஹாஸ்டல் இருக்கிற இறக்கத்தில் நிறுத்தச் சொல்லுவாளாம். அங்கே சமையல் வேலையாம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ எப்ப கேட்ட?"

செப்டம்பர் 27

அவர் பஸ்ஸிலேயே போனேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வசவாக மனதில் சேர்த்துக்கொண்டே போனேன். தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அந்தச் செருப்புக்கடை மாடியில் நிறுத்துவது என்றுதான் நினைப்பு.

சமையல்கட்டில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "பெரிய மேரிதானே நீயி? இன்னாடி இப்டி எளச்சிட்ட?" என்று மணையை இழுத்துப் போட்டாள். ஏறும்போது சேர்த்ததெல்லாம் எங்கே போனதோ.

சொன்னேன். வங்கி, ரிப்போர்ட், தளம், ஷெட், அங்கன்வாடி வாசலில் நடந்தது எல்லாம். அவள் நறுக்குவதை நிறுத்திவிட்டாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"உம் பேர்ல நான் வாங்கலடி. எம் பேர்லதான் வாங்குனேன்."

உண்மைதானே.

அவள் புருஷன் சாம் நெல் அறுக்கும் மிஷினோடு வடக்கே போனவன், மிஷின் கவிழ்ந்து செத்துப்போனானாம். "செத்ததுக்கப்புறமும் முடிஞ்ச வரைக்கும் கட்டுனேன். ஒரு வாரம் கையில இல்ல. குழுவுல இருந்த நாலு பேரும் வூட்டு வாசல்ல வந்து ஒக்காந்துக்கினாளுங்க. அவளுங்கள சொல்லி இன்னா, நான் கட்டலன்னா அவளுங்கதானே கட்டணும். விடியறதுக்குள்ள புள்ளய இட்டுக்கினு வந்துட்டேன்." மகள் மணிமொழி அந்த ஹாஸ்டலிலேயே ஆறாவது படிக்கிறது. எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"நான் இங்க இருக்கறது யாருக்கும் தெரியாது. ஒனக்கும் ஒங்க வூட்டுக்காரருக்கும்தான் தெரியும்" என்றாள். சொல்லாதே என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள், லிடியாவுக்கு. இறங்கும்போது மார்ட்டின் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செப்டம்பர் 30

அஜித் போன். "தெரிஞ்சிதாக்கா?"

"தெரியலப்பா."

மார்ட்டின் பக்கத்தில்தான் இருந்தார். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோய்விட்டார்.

அக்டோபர் 4

மறுபடியும் புகார். இந்த முறை கட்டம் டிக் அடிப்பதோடு விடவில்லை. குழுப் படத்தைப் பாருங்கள், என் படத்தைப் பாருங்கள், கையெழுத்தை ஒப்பிடுங்கள் என்று எழுதி, என் பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் அட்டை எல்லாம் வைத்து ரிப்போர்ட் கம்பெனி, கடன் கம்பெனி, அதற்கு மேலே முறையிடுகிற இடம் என்று மூன்று இடத்துக்கு ரிஜிஸ்டர் தபால். இந்தப் பெண் நான் இல்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டால் போதும். அவள் எங்கே இருக்கிறாள் என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? கடன் கொடுத்தவன் தேடிக்கொள்ளட்டும். இது நியாயம்தானே? நியாயம்தான்.

அக்டோபர் 20

தீபாவளி. எதிர்வீட்டுக் கண்ணகி பலகாரம் கொடுத்தனுப்பினாள். காலையிலிருந்து விடாத மழை. கட்டின சுவர்மேல் தார்ப்பாய் போட்டோம், காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஹாலாக வரவேண்டிய இடத்தில் கணுக்கால் தண்ணீர்.

அக்டோபர் 23

சிமெண்ட் மூட்டைகள் கல்லாகிவிட்டன. மார்ட்டின் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே போட்டார். அதற்கு என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நவம்பர் 3

நிர்மலா மேடம் சொல்லிவிட்டார். இந்த மாதக் கடைசிக்குள் ரிப்போர்ட் சரியாகாவிட்டால் கடன் ஒப்புதல் காலாவதி. கொடுத்த முதல் தவணையைத் திருப்பிக் கட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வருமாம். "எனக்கு ஒங்கமேல நம்பிக்க இருக்கு மேரி. நம்பிக்கய வெச்சி நான் இன்னா பண்ண முடியும்?"

எங்கிருந்து திருப்பிக் கட்டுவது? அது செங்கல்லாகவும் கம்பியாகவும் மழையில் நிற்கிறது.

நவம்பர் 4

மார்ட்டின் வாயைத் திறந்தார். "அவளுக்கு ஒரு பொண்ணுன்னா நமக்கும் ஒரு பொண்ணுதான் மேரி. அவ வாங்குன கடன். நாம எதுக்கு நனையணும்?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

நவம்பர் 11

இரண்டாவது பதில். முதல் பதிலின் அதே வரிகள். ஒரு எழுத்து மாறவில்லை. மேல்முறையீட்டு இடத்திலிருந்து மட்டும், 'உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது.' பரிசீலித்துக்கொண்டே இருங்கள். மாதா, நீயாவது பார்க்கிறாயா? ஏழு துக்கமும் ஏழு வாளா ஒன் நெஞ்சுல, எனக்குக் குத்தறது தெரியலயா?

நவம்பர் 14

அங்கன்வாடியில் குழந்தைகள் தினம். ரோஜாப்பூ குத்திவிட்டேன், பாட்டுப் பாடினேன். செவ்வந்தியின் பிள்ளை வரவில்லை.

நவம்பர் 17



காலையில் லிடியா பள்ளிக்குக் கிளம்ப பையைத் தூக்கினாள். ஷெட்டில் தண்ணீர் வந்ததால் பையை அரிசி டிரம்மின்மேல் வைத்திருந்தாள். ஜிப்பைத் திறந்து கையை விட்டவள், "அம்மா, உள்ள ஏதோ சில்லுனு இருக்குது" என்றாள். எனக்கு எப்படித் தோன்றியதோ, பையைத் தட்டிவிட்டேன். புத்தகங்களோடு வெளியே விழுந்தது. கட்டுவிரியன். கறுப்பில் வெள்ளை வளையம். புத்தகத்தின் மேலேயே சுருண்டு கிடந்தது, அவசரமே இல்லாமல்.

மார்ட்டின் அடித்தார். நான் லிடியாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "ஒண்ணுமில்லம்மா, உடும்மா" என்று அவள்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எம் புள்ள கைய உட்டுச்சி அந்தப் பையில. எம் புள்ள.

நவம்பர் 18

சொல்லிவிட்டேன்.

நவம்பர் 19

அஜித் நன்றி சொன்னான். "ஒங்க பேரு வெளிய வராதுக்கா" என்றான். வெளியே வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. அவளுக்குத் தெரியாதா?

நவம்பர் 27

ரிப்போர்ட் சுத்தமாகிவிட்டது. மூன்று கணக்கும் இல்லை. மூன்று மாதம் தபால் போட்டும் அழுதும் நடக்காதது ஒரு வாரத்தில் நடந்துவிட்டது. நிர்மலா மேடம், "பாத்தீங்களா, உண்ம ஜெயிச்சிடுச்சி" என்று சாக்லெட் கொடுத்தார். வாயில் போட்டுக்கொண்டேன். வங்கி வாசலில் துப்பிவிட்டேன்.

டிசம்பர் 9

நான் கேட்கவில்லை. மார்ட்டினாகச் சொன்னார்.

வசூல் ஆட்கள் நாலு பேர் ஹாஸ்டலுக்குக் காரில் போனார்களாம். பிள்ளைகள் சாப்பிடுகிற நேரம். அவளைச் சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டு எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டார்களாம். மணிமொழி தட்டோடு உட்கார்ந்திருந்ததாம். இரண்டு நாள் கழித்து, பிள்ளை மட்டும் இங்கே இருக்கட்டும், நீ வேறு இடம் பார்த்துக்கொள் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்களாம்.

"பெட்டியோட நம்ம பஸ்லதான் எறங்குனா. டிக்கெட் வேணாம்னு கண்டக்டர் கிட்ட சொன்னேன். காச எண்ணி குடுத்துட்டுப் போனா."

"எதுனா சொன்னாளா?"

"தளம் போட்டாச்சான்னு கேட்டா."

டிசம்பர் 25

கோயிலுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 22, 2026

இன்றைக்குத் தளம் போட்டோம்.

விடியும்போதே கலவை மிஷின் வந்துவிட்டது. அய்யனார் மேஸ்திரி தேங்காய் உடைத்தார், நாங்கள் ஜெபம் சொன்னோம். லிடியா மாடிப்படியில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சித்தாள் பெண்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே அனுப்பினார்கள்.

சேலைமேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். டீ கொண்டுபோனபோதுதான் பார்த்தேன். வரிசையில் நாலாவது ஆள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

அவள் டீயை வாங்கிக்கொண்டாள்.

மேஸ்திரியிடம் போய், "அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன். "தியாகதுருகத்துல பஸ் ஸ்டாண்டாண்ட வேல கேட்டுக்கினு நின்னுச்சிங்க டீச்சரம்மா. நல்ல வேலக்காரி. இன்னா, சனிக்கெழம கூலி குடுத்தா கடன்காரப் பையன் ஒருத்தன் வண்டியில வந்து பாதிய வாங்கிக்கினு பூடறான்."

மத்தியானம் வெயில் ஏறிவிட்டது. மேலே கலவை காய்கிறது, கீழே வரிசை தளர்ந்துவிட்டது. நான் வாசலில் பிரியாணி அண்டாவைத் திறந்துகொண்டிருந்தேன். மேஸ்திரி மேலிருந்து கத்தினார். "ஏ மேரி, நின்னுக்கினு இன்னா பண்ற? சீக்கிரம் குடு."

மேஸ்திரி என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருந்தும் திரும்பிவிட்டேன். அவளும் திரும்பினாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கலவைச் சட்டி.

"நீ இல்ல," என்றாள் சின்ன மேரி. "என்னத்தான் கூப்புடறாரு."

சட்டியைத் தூக்கி மேலே கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் தளம் முடிந்துவிட்டது.